மைக்குக்குக் கிட்ட

அம்பத்தூர்ப் பட்டறையில் தகடு அழுத்தும் பிரஸ் மெஷின் ஆப்பரேட்டராக இருந்து, வேலையை விட்டுவிட்டவர் எத்திராஜ். வயது ஐம்பது. அவருக்குக் குரல் பதிவு கற்றுத்தந்த நசீமாவுக்கு முப்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் அவளை "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார். தன் படுக்கையறைச் சுவரெல்லாம் கம்பளி தொங்கவிட்டு அதையே ஸ்டுடியோ ஆக்கியிருந்தாள் அவள்.

பட்டறையில் செத்துப்போன நண்பன் மாசிலாமணிக்காக எத்திராஜ் ஒரு பாட்டு எழுதியிருந்தார். வரிக்கு வரி முதலாளி மேல் வசவு. அதைக் கரகரவென்று, கிழிந்த குரலில் பாட வேண்டும் என்பது அவர் ஆசை.

மூன்று நாள் கத்தினார். கேட்டுப் பார்த்தால் வெறும் கூச்சல். மூன்றாம் நாள் மத்தியானம் தொண்டை கட்டிக்கொண்டது. ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கு அந்தக் கரகரப்பு வரவே வராதா டீச்சர்?"

நசீமா எழுந்து போய், மைக்கை அவர் உதட்டருகே கொண்டுவந்து வைத்தாள்.

"பாட வேணாம்ணே. சத்தத்தோட லெவல் பாக்கணும். சும்மா பேசுங்க."

"என்னத்தப் பேச?"

"உங்க ஃப்ரெண்டு செத்த அன்னிக்கு மத்தியானம் என்ன சாப்ட்டீங்க?"

எத்திராஜ் தரையைப் பார்த்தார்.

"தக்காளி சோறு. அவனுக்கும் நான்தான் கொண்டு போயிருந்தேன்." குரல் வெறும் காற்றாக வந்தது. "சாப்ட்டு வந்தோம். மெஷின்ல தகடு சிக்கிக்கிச்சு. உள்ள குனிஞ்சான். ஒரே இரைச்சல். 'எடுத்துட்டேன்'னு சொன்ன மாதிரி கேட்டுச்சு. 'எடுத்துடுறேன்'னு சொல்லியிருக்கான்."

தன் வலது கட்டைவிரலைப் பார்த்தார்.

"பட்டனை அமுக்குனது நான்தான் டீச்சர்."

பாட்டில் இல்லாத வரி அது. அவர் மனைவிக்கும் தெரியாதது.

நசீமா ஒலியைப் பெருக்கும் கெய்ன் குமிழை முழுக்கத் திருப்பி வைத்திருந்தாள். சத்தம் அளவு மீறினால் எரியும் சிவப்பு விளக்கு அணையவே இல்லை. ஹெட்போனை அவரிடம் நீட்டினாள்.

"கேளுங்க. வேணாம்னா உங்க கையாலயே அழிச்சிடுங்க."

கேட்டார். முணுமுணுத்த ஒவ்வொரு சொல்லும் பொரிந்து, விரிசல் விட்டு, காதை அறுத்தது. கடைசி வரிக்குப் பிறகு மூச்சுகூடக் கிழிந்திருந்தது.

ஹெட்போனைக் கழற்ற அவருக்கு வெகுநேரம் ஆயிற்று. அழிக்கவில்லை.

"நான் கத்தவே இல்லையே. இது எங்கேர்ந்து வந்துச்சு?"

"நீங்க கத்தினப்பல்லாம் மைக்கைத் தள்ளித் தள்ளி வெக்க வேண்டியிருந்துச்சுண்ணே," என்றாள் நசீமா. "இன்னிக்குத்தான் கிட்ட கொண்டுவர முடிஞ்சுது."