கறுப்புத் திரைக்குள் தலைவர்

ஒத்தைப்பனைவிளையில் பனைமரம் கிடையாது. முன்பு ஒன்று இருந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று முளைத்து வளர்ந்தபோது, ஊர்ப் பெயர் பொய்யாகிவிடுமே என்று ஊரார் கவலைப்பட்டு ஒன்றை வெட்டிவிட முடிவு செய்தார்கள். எதை வெட்டுவது என்பதில் கருத்து வேறுபாடு வந்தது. யார் மனமும் கோணக் கூடாது என்று இரண்டையும் வெட்டினார்கள்.

அந்த முடிவை எடுத்துக் கொடுத்த நண்பர்கள் நற்பணி மன்றம் இன்றும் சிறப்பாக நடக்கிறது. தலைவர் வைகுண்டம் அண்ணாச்சி. செயலாளர் சுயம்பு. பொருளாளர் பொன்னையா. நான்காவது ஆள் லிங்கதுரை. உறுப்பினர் என்று ஒருவராவது இருந்தால்தான் அது மன்றம் என்பதால் அவனுக்கு மட்டும் பதவி கொடுக்கவில்லை.

மன்றத்தில் ஒரு கம்ப்யூட்டர் உண்டு. வெளியூரில் பிழைக்கப் போன ஒரு புண்ணியவான் கொடுத்தது. அதை இயக்க லினக்ஸ் என்ற மென்பொருள் போட்டிருந்தது. சடங்கு, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி என்று ஊரின் நல்லது கெட்டது எல்லாம் அதில் தயாராகி, பக்கத்தில் இருந்த பிரிண்டர் வழியாக வெளியே வந்தன.

லிங்கதுரைக்குப் பல வருடம் பெண் தேடி, கடைசியில் பக்கத்து ஊர் தவசிக்கனியின் மகள் பிரம்மசக்தி அமைந்தாள். ஞாயிற்றுக்கிழமை மாலை நிச்சயதார்த்தம். சனிக்கிழமையே கல்யாண அழைப்பிதழ் கம்ப்யூட்டரில் தயார். பிரிண்ட் எடுப்பதுதான் பாக்கி.

ஞாயிறு காலை கம்ப்யூட்டரைத் திறந்தபோது திரையில் ஒரு வாசகம் வந்தது: புதிய பதிப்பு வந்திருக்கிறது, மேம்படுத்தலாமா?

"மரியாதையா அனுமதி கேக்குது," என்றார் தலைவர். "இந்த ஊர்ல வேற எவன் நம்மகிட்ட அனுமதி கேட்டிருக்கான்?"

"வேண்டாம்னு சொன்னா மனசு சங்கடப்படும்லா," என்றார் சுயம்பு.

அனுமதி கொடுத்தார்கள். வேலை முடியும்வரை மின்சாரம் தடைபடாமல் பார்த்துக்கொள்ளவும் என்று அடுத்த வாசகம் வந்தது. உடனே லைன்மேனை வீட்டிலிருந்து கூட்டி வந்து, நாற்காலியில் உட்கார வைத்து, வடையும் டீயும் கொடுத்து, எழுந்திருக்க விடாமல் சுற்றி நின்றார்கள். கரண்டை நிறுத்துகிற ஆளே கைக்குள் இருந்தால் கரண்டு எப்படிப் போகும்? போகவில்லை. பெருமையோடு நிச்சயதார்த்தத்துக்குப் புறப்பட்டார்கள்.

நிச்சயத்தில் தவசிக்கனி ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். "வெள்ளிக்கிழமைக்குள்ள அழைப்பிதழ் என் சொந்தக்காரங்க கைக்குப் போயிரணும். மூத்தவ கல்யாணத்துக்குப் பிந்திக் குடுத்து ஒருத்தனும் வரலை. இந்தத் தடவையும் பிந்துச்சுன்னா கல்யாணமே கிடையாது."

"வெள்ளி எதுக்கு? நாளைக்கே தாரோம்," என்றார் தலைவர்.

மறுநாள் கம்ப்யூட்டரைப் போட்டார்கள். ஒரு வட்டம் சுற்றியது. பிறகு எல்லாம் கறுத்துவிட்டது. மறுபடி போட்டார்கள். மறுபடியும் வட்டம், மறுபடியும் கறுப்பு. டவுனில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் ஜெபசிங்குக்கு சுயம்பு போன் போட்டார்.

"புதுப் பதிப்பு போட்டீங்கல்ல? படம் காட்டுறதுக்குன்னு உள்ளே கிராபிக்ஸ் டிரைவர்னு ஒரு சின்ன மென்பொருள் இருக்கு," என்றான் ஜெபசிங். "அது புதுசோட ஒத்துப்போகலைன்னா இப்படித்தான் படுத்துக்கும். எதுக்கும் ஸ்கிரீன்ல என்ன தெரியுதோ அதை அப்படியே சொல்லுங்க."

சுயம்பு உற்றுப் பார்த்தார். திரைக்கு நேர் எதிரே தலைவர் தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"கறுப்பா இருக்கு."

"வேற?"

"நடுவுல தலைவர் இருக்காவ."

"தலைவர் போட்டோவா?"

"போட்டோ இல்ல. அசையுதாவ. இப்போ மூக்கைச் சொறியுதாவ."

மறுமுனையில் ஜெபசிங் நிமிர்ந்து உட்கார்ந்தது சத்தத்திலேயே தெரிந்தது. "வீடியோவா? தெளிவா இருக்கா?"

"கொஞ்சம் இருட்டா இருக்கு. ஆனா ஆள் அவியதான்."

"வீடியோ ஓடுதுன்னா டிரைவர் நல்லா இருக்குன்னு அர்த்தம். ஆன் ஆகும்போது வர்ற பட்டியல்ல பழைய பதிப்பைத் தேர்ந்தெடுக்கச் சொல்லலாம்னு நினைச்சேன். அது இனி வேண்டாம். பிரச்சினை வேற எங்கயோ இருக்கு. அப்டேட்டுக்கு அப்புறம் என்னென்ன மாறியிருக்குன்னு யோசிங்க. மாறினதை ஒவ்வொண்ணா பழையபடி ஆக்குங்க. ஒண்ணை ஆக்கிட்டு ஆன் பண்ணிப் பாருங்க. சரியாகலைன்னா அடுத்தது. ரெண்டை மட்டும் ஒரே நேரத்துல தொட்டுராதீங்க."

மன்றம் அவசரமாகக் கூடியது. டீ வந்தது. பொன்னையா ஒரு கையில் டம்ளரும் மறு கையில் பிஸ்கட்டுமாக எடுத்தார்.

"ஏய்!" என்றார் சுயம்பு. "ரெண்டு!"

பொன்னையா டம்ளரை வைத்துவிட்டு, பிஸ்கட்டை வெறுமே கடித்தார்.

"அப்டேட்டுக்கு அப்புறம் என்ன மாறியிருக்கு?" என்று தலைவர் கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை போயிருச்சு," என்றார் சுயம்பு.

நியாயமாகப் பட்டது. குப்பைக் கூடையிலிருந்து ஞாயிற்றுக்கிழமைத் தாளை எடுத்துச் சோற்றுப் பருக்கையால் காலண்டரில் ஒட்டினார்கள். கம்ப்யூட்டரைப் போட்டார்கள். கறுப்பு.

"லைன்மேன் இங்கன இருந்தாரு. இப்போ இல்ல," என்றார் பொன்னையா.

லைன்மேன் கம்பத்தின் மேல் இருந்தார். இறக்கிக் கூட்டி வந்து அதே நாற்காலியில் உட்கார வைத்தார்கள். வடை வேண்டுமென்றார். அன்றைக்கும் வடை கொடுத்ததால் இன்றைக்கும் கொடுத்தார்கள். கறுப்பு.

அப்போதுதான் சுயம்பு தலைவரின் முகத்தைக் கவனித்தார். நிச்சயதார்த்தம் நல்லபடியாக முடிந்ததற்கு நேர்ச்சையாகத் தலைவர் திங்கள் விடியற்காலையில் கோயிலில் மீசையை எடுத்திருந்தார்.

"அண்ணாச்சி, மீசை!"

தலைவர் உதட்டின் மேல் தடவிப் பார்த்தார். முகம் வெளுத்தது. "மன்றத்துக்கு என் மேல சந்தேகமா?"

"சந்தேகம் இல்ல, அண்ணாச்சி. ஒவ்வொண்ணா பாக்கணும்லா."

மீசை முளைக்கும்வரை காத்திருந்தால் வெள்ளிக்கிழமை போய்விடும். பொன்னையாவின் கறுப்பு ஆட்டிடமிருந்து கொஞ்சம் முடி வாங்கி, பசை தடவி ஒட்டினார்கள். கம்ப்யூட்டரைப் போட்டார்கள். வட்டம் சுற்றியது. பளிச்சென்று திரை வந்தது. நடுவே பிள்ளையார், கீழே லிங்கதுரை, பிரம்மசக்தி பெயர்கள்!

"அடி சக்கை!" என்று தலைவர் சிரித்தார். சிரித்ததில் மீசை மடியில் விழுந்தது. அதே நொடியில் திரை கறுத்தது.

ஆட்டுமுடியை எல்லோரும் பயபக்தியோடு பார்த்தார்கள். எடுத்து ஒட்டி மறுபடி போட்டார்கள். கறுப்பு. இறுக்கி ஒட்டினார்கள். கறுப்பு.

"மீசை பாதிக் காரணம்," என்று தலைவர் தீர்ப்புச் சொன்னார். "அதான் பாதி நேரம் வந்துச்சு. மீதிக் காரணம் வேற எங்கயோ இருக்கு. அப்டேட்டுக்குப் பொறவு வேற என்ன நடந்துச்சு?"

மூன்று பேரும் மெல்லத் திரும்பி லிங்கதுரையைப் பார்த்தார்கள்.

"எதுக்கு என்னையப் பாக்கீய?" என்றான் அவன்.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஒனக்கு நிச்சயம் நடந்துச்சு," என்றார் சுயம்பு. "காலையில நீ சும்மா லிங்கதுரை."

"அண்ணாச்சி! கல்யாணப் பத்திரிகை அடிக்கத்தான கம்ப்யூட்டரைச் சரி பண்ணுதோம்? அதுக்கு நிச்சயத்தையே ரத்து பண்ணச் சொல்லுதீயளே!"

தலைவர் கண்ணை மூடி யோசித்தார். "நிதானமாக் கேளு. நிச்சயத்தை ரத்து பண்ணலைன்னா கம்ப்யூட்டர் வராது. பத்திரிகை இல்ல, கல்யாணம் இல்ல. ரத்து பண்ணிட்டா கம்ப்யூட்டர் வரும், ஆனா கல்யாணம் இல்ல. ரெண்டு வழியிலயும் கல்யாணம் இல்ல. ஒரு வழியில கம்ப்யூட்டராவது ஓடும்லா?"

லிங்கதுரையால் இதில் ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை. கண்ணில் நீர் வந்தது. "எனக்குப் பிள்ளையப் பிடிச்சிருக்கு, அண்ணாச்சி."

"எப்போ பிடிச்சுது? அப்டேட்டுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"பொண்ணு பாக்கப் போன அன்னைக்கே."

"அப்போ அது பழைய விஷயம். அதை நாம தொடக் கூடாது. அது அப்படியே இருக்கட்டும்," என்றார் தலைவர். மன்றம் ஒருமனதாக ஏற்றுக்கொண்டது.

வியாழக்கிழமை சுயம்பு, பொன்னையா, லிங்கதுரை மூவரும் பெண் வீட்டுக்குப் போனார்கள். தலைவர் மீசையைப் பிடித்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் இருந்தார். நிச்சயத்தைப் பழையபடி ஆக்க வேண்டும் என்பதால் மூவரும் பின்புறமாக நடந்து வீட்டுக்குள் நுழைந்தார்கள். அன்றைக்குத் தின்ற பழத்துக்குப் பதிலாக ஒரு தார் வாழைப்பழத்தை வைத்தார்கள்.

"பத்திரிகை எங்க?" என்றார் தவசிக்கனி.

"அதுக்காகத்தான் வந்தோம். நிச்சயத்தை ரத்து பண்ணணும்."

தவசிக்கனி வேட்டியை மடித்துக் கட்டினார். அதற்குள் பிரம்மசக்தியே வெளியே வந்துவிட்டாள். சுயம்பு அவளிடம் நடந்ததை எல்லாம் காலண்டரிலிருந்து ஆடு வரைக்கும் சொன்னார். அவள் லிங்கதுரையைப் பார்த்தாள்.

"நீங்க என்ன சொல்லுதீய?"

"எனக்கு ஒன்னையப் பிடிச்சது அப்டேட்டுக்கு முன்னால," என்றான் அவன் தரையைப் பார்த்து. "அதைத் தொடக் கூடாதுன்னு தீர்மானம் போட்டிருக்கு."

தன்னைப் பிடித்திருப்பதாக ஒருவர் சொல்வதே அவளுக்குப் புதிது. அதைத் தீர்மானமாகவே போட்டிருக்கிறார்கள் என்றால்! அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"நிச்சய மோதிரத்தைக் கழட்டினா போதுமா? எம்புட்டு நேரம்?"

"படம் வார வரைக்கும்."

"எப்பா, சும்மா இருங்க," என்று தகப்பனாரிடம் சொல்லிவிட்டு அவள் மோதிரத்தைக் கழற்றினாள்.

சுயம்பு தலைவருக்குப் போன் போட்டார். "கழட்டியாச்சு! ஆன் பண்ணுங்க!"

தலைவரின் ஒரு கை மீசையில் இருந்தது. இன்னொரு கையால் சுவிட்சைத் தொட்டால் ஒரே நேரத்தில் இரண்டைத் தொட்டதாகிவிடும். ஆகவே முழங்கையால் சுவிட்சை அமுக்கினார். முழங்கை வழுக்கிக் கீபோர்டு மேல் விழுந்து, அங்கேயே கொஞ்சம் உருண்டது. ஏதோ பட்டியல் வந்தது. அதில் ஏதோ ஒரு வரி நிறம் மாறியது. முழங்கை இன்னொரு தடவை அழுத்தியது. வட்டம் சுற்றியது. பிள்ளையார் வந்தார். இந்தத் தடவை போகவே இல்லை.

"வந்துருச்சுடே! மோதிரம்தான் காரணம்!"

தலைவர் முழங்கையாலேயே பிரிண்ட்டும் கொடுத்தார். பிரிண்டர் கடகடவென்று அழைப்பிதழ்களைத் தள்ளியது. கடைசித் தாள் வந்த பிறகுதான் தலைவர் திரையை நன்றாகப் பார்த்தார். இடமும் வலமும் தேடினார். திரைக்குப் பின்னாலும் எட்டிப் பார்த்தார். பிறகு ஜெபசிங்குக்குப் போன் போட்டார்.

"தம்பி, படம் வந்துருச்சு. ஆனா என்னையக் காணோம்."

"எங்க காணோம்?"

"உள்ள. நாலு நாளா உள்ளதான் இருந்தேன்."

ஜெபசிங் கடையில் அன்றைக்குக் கூட்டம் அதிகம். "கடைசியா எதை மாத்தினீங்களோ, அதைத் திருப்பி வைங்க. இனிமே எனக்குப் போன் மட்டும் பண்ணாதீங்க."

தலைவர் உடனே பெண் வீட்டுக்குச் செய்தி சொன்னார். பிரம்மசக்தி மோதிரத்தைப் போட்டுக்கொண்டாள். திரைக்குள் தலைவர் வரவில்லை. அடுத்தது அந்த சுவிட்ச். முழங்கையால் மாற்றியதை முழங்கையாலேயே திருப்பினார். திரை அணைந்து கறுத்தது. நடுவில், கலைந்த ஆட்டுமீசையோடு, தலைவர் பத்திரமாக உட்கார்ந்திருந்தார். அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமைக்குள் அழைப்பிதழ் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. தவசிக்கனியின் சொந்தக்காரர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் வந்தார்கள். தலைவரை உள்ளே தனியாக விட்டுவிட்டு வர மனமில்லாமல் கம்ப்யூட்டரையும் மண்டபத்துக்குத் தூக்கி வந்து, மணமேடைக்கு எதிரே ஸ்டூல் போட்டு வைத்தார்கள்.

பொன்னையாதான் முதலில் பார்த்தார். கறுப்புத் திரைக்குள் மாலையோடு லிங்கதுரை. பக்கத்தில் பிரம்மசக்தி. பின்னால் நாதஸ்வரக்காரர்கள்.

"கல்யாணம் பூரா ஓடுது!" என்று கத்தினார். "கரண்டுகூட குடுக்கல!"

வீடியோக்காரரை அப்போதே சாப்பிட வைத்துத் திருப்பி அனுப்பினார்கள். தாலி கட்டும் நேரம் கூட்டம் மறைக்காமல் சுயம்பு பார்த்துக்கொண்டார்.

மறுநாள் டவுனில் ஜெபசிங் கடை வாசலில் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. போன் பண்ணக் கூடாது என்று அவன் சொல்லியிருந்ததால் மன்றம் நேரிலேயே வந்திருந்தது. மணமக்களும் வந்திருந்தார்கள். பட்டுத்துணி சுற்றிய கம்ப்யூட்டரை நான்கு பேரும் மெல்ல இறக்கி மேசையில் வைத்தார்கள்.

"கல்யாண வீடியோ உள்ள இருக்கு, தம்பி," என்றார் தலைவர். "ஒரு பென் டிரைவ்ல போட்டுக் குடுத்துரணும்."

ஜெபசிங் பெருமூச்சு விட்டான். துணியை விலக்கினான், வயரைச் செருகினான், சுவிட்சில் விரலை வைத்தான்.

பிரம்மசக்தியின் மோதிர விரலை இறுக்கிப் பிடித்தபடி லிங்கதுரை அலறினான்:

"ஆன் பண்ணிராதீய! கல்யாணம் போயிரும்!"