குருவித் தொட்டி

புங்கமரத்தடியில் அன்று மாலை நான்கு பேர்தான் உட்கார்ந்திருந்தார்கள். போன மாதம் முப்பது பேர் இருந்த இடம்.

பொன்னம்பலம் சட்டியில் நொச்சியும் வேப்பிலையும் போட்டு விசிறினார். புகை மரத்தை விட்டுவிட்டு மனிதர்களைச் சுற்றிக்கொண்டது.

"பெரியப்பா, கொசு போகுதோ இல்லையோ, நாங்க போயிடுவோம்போல," என்றாள் சொர்ணம், கண்ணைக் கசக்கியபடி.

"உன் மக பூவரசி எங்கேம்மா?"

"அவங்கப்பா விடலை. டெங்குக் காய்ச்சல்ல ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில கெடந்த புள்ளையாச்சே. பௌர்ணமிக்குள்ள இந்தக் கொசு ஒழிஞ்சாச் சொல்லுங்க, கூட்டிட்டு வர்றேன். இல்லைன்னா நானும் வரமாட்டேன்."

மலையடிவாரத்துக் குடிலுக்குப் பொன்னம்பலம் வந்து ஐந்து வருஷம் ஆகிறது. மனைவி சிவகாமியோடு வந்தார். குரு மங்கையம்மை அவரைவிட இருபது வயது இளையவள். சீடரை ஐயா என்றுதான் கூப்பிடுவாள். எட்டு மாதத்துக்கு முன் சிவகாமி இறந்துபோனாள். அதன் பிறகு, மாலையில் ஊர்ப்பிள்ளைகள் வந்து பாடுகிற சத்தம் காதில் விழுந்தால்தான் அவருக்கு இரவுச்சோறு இறங்கும். இப்போது அந்தச் சத்தமும் நின்றுபோகும் போலிருந்தது.

அவர் எதையும் விட்டுவைக்கவில்லை. வேப்பெண்ணெய் விளக்கு ஏற்றினார். எலுமிச்சையை அறுத்துக் கிராம்பு குத்தி வரிசையாக வைத்தார். பூண்டை அரைத்துக் கரைத்துச் செடிகள்மேல் தெளித்தார். சிரட்டை, உடைந்த பானை, டயர் என்று தண்ணீர் தேங்குகிற எல்லாவற்றையும் தேடித் தேடிக் கவிழ்த்தார். விடிந்ததும் செம்பருத்திக்குப் பின்னாலிருந்த கல்தொட்டியில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் இந்த வேலைகளைத் தொடங்குவார். குருவிகளுக்காகச் சிவகாமி வைத்த தொட்டி. அதை வேறு யாரும் தொட அவர் விட்டதில்லை.

அன்று கூட்டம் கலைந்ததும் குருவிடம் போய் நின்றார்.

"அம்மா, எரிக்காத இலை பாக்கி இல்லை. இன்னும் எதை எரிக்கணும்?"

மங்கையம்மை எழுந்தாள். ஒரு கண்ணாடி டம்ளரை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். அரை டம்ளர் தண்ணீரோடு திரும்பி வந்து, வாயை மெல்லிய துணியால் கட்டி அவர் கையில் கொடுத்தாள்.

"இதை உங்க பாய்க்குப் பக்கத்துல வச்சுக்குங்க ஐயா."

"எத்தனை நாளைக்கு?"

"அதுவே சொல்லும்."

மறுநாள் வெளிச்சத்தில் பார்த்தார். நூல்நூலாக ஏதோ நெளிந்து மேலே வந்தது, தலைகீழாகத் தொங்கியது, மறுபடி கீழே போனது. மூன்றாம் நாள் காலை துணிக்கு அடியில் ஐந்து கொசுக்கள் முட்டிக்கொண்டிருந்தன. கால்களில் வெள்ளை வளையம்.

டம்ளரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

"இது எங்க மொண்ட தண்ணிம்மா? சொல்லுங்க, இப்பவே கவுத்துட்டு வர்றேன்."

"உங்க தொட்டியில."

பொன்னம்பலம் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"அதுல அவ கடைசியா ஊத்தின தண்ணி இருக்கும்மா," என்றார். "வத்த விடக்கூடாதுன்னுதான் தினமும் மேல மேல ஊத்திட்டு வர்றேன். ஒரு நாள்கூடக் கொட்டினதில்லை."

மங்கையம்மை அவர் கையைப் பிடித்து எழுப்பினாள். இருவரும் செம்பருத்திக்குப் பின்னால் போனார்கள். தொட்டியின் விளிம்பில் விரல் கனத்துக்குப் பாசி.

"குருவி வருதாங்க ஐயா?"

அவர் சுற்றிலும் பார்த்தார். ஒரு எச்சம் இல்லை, ஒரு இறகு இல்லை. எத்தனை மாதமாக இல்லை என்றும் அவருக்குத் தெரியவில்லை.

வெயில் ஏறும்வரை தொட்டியின் பக்கத்திலேயே நின்றார். பிறகு குனிந்து, இரண்டு கையாலும் அணைத்து, அதை மெல்லச் சாய்த்தார். காய்ந்த மண் சத்தம் போட்டுக் குடித்தது. மங்கையம்மை தேங்காய் நாரும் சாம்பலும் நீட்டினாள்.

"விளிம்பை நல்லாத் தேயுங்க. முட்டை அங்கதான் ஒட்டியிருக்கும்."

தேய்த்தார். முகத்தைத் துடைக்காமல் தேய்த்தார். கல்லின் பழைய நிறம் வெளியே வந்தது. புதுத் தண்ணீர் ஊற்றினார். மறுநாளும் கொட்டித் தேய்த்து ஊற்றினார். அதற்கடுத்த நாளும்.

பௌர்ணமியன்று மாலை, கொசு குறைந்ததைக் கேள்விப்பட்டுச் சொர்ணம் வந்தாள். அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு, முழங்கைவரை வேப்பெண்ணெய் பளபளக்கப் பூவரசி. பின்னாலேயே இன்னும் பதினைந்து பேர்.

"தாத்தா, இன்னிக்குக் கண்ணெரிச்சல் சட்டி வைக்கலையா?"

"இல்லைடி தங்கம். நீ பாடு."

பிள்ளைகள் பாடத் தொடங்கினார்கள். செம்பருத்திக்குப் பின்னால், அடையப் போகிற அவசரத்தில் ஒரு குருவி தொட்டியின் விளிம்பில் இறங்கியது. இரண்டு தரம் அலகை நனைத்தது. உள்ளே குதித்துச் சிறகடித்தது.

பொன்னம்பலம் அதையே பார்த்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் கேட்டார்: "அம்மா, அவ ஊத்தின தண்ணி இனிமே எங்கேயும் இல்லையே?"

மங்கையம்மையும் குருவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவங்க யாருக்குங்க ஐயா ஊத்தினாங்க?"