தப்பிய குண்டுகள்

ஒரு பெரிய ஏரி. அதன் மேற்குக் கரையில் கோரைப்புல் ஆளுயரத்துக்கு வளர்ந்திருந்தது. குளிர்காலத்தைக் கழிக்க வடக்கிலிருந்து வந்த ஊசிவால் வாத்துகள் அங்கே தங்கியிருந்தன. அந்தக் கூட்டத்தில் நெட்டையன் என்ற ஆண் வாத்தும், அவன் மனைவி தூவியும் இருந்தார்கள்.

ஒருநாள் காலையில் வேட்டைக்காரர்கள் கோரைக்குள் ஒளிந்திருந்து சுட்டார்கள். ஏரியே அதிர்ந்தது. புகை கலைந்ததும் வாத்துகள் ஒன்றையொன்று தேடிப் பார்த்தன. யாரும் குறையவில்லை.

"அத்தனை வெடியும் வீண்!" என்று நெட்டையன் வாலை ஆட்டியபடி நீந்தினான். "என் இறகு ஒன்றைக்கூட அவர்களால் தொட முடியவில்லை."

வாத்துக்குப் பல் கிடையாது. தின்ற தானியத்தை அரைக்க, அது சிறு கற்களை விழுங்கி வயிற்றில் வைத்துக்கொள்ளும். மறுநாள் கல் தேடித் தண்ணீருக்குள் தலையைக் கவிழ்த்த நெட்டையன், அலகு நிறையச் சாம்பல் நிற உருண்டைகளோடு நிமிர்ந்தான்.

"தூவி, இங்கே பார். எல்லாம் ஒரே அளவு. செய்து வைத்தது மாதிரி இருக்கிறது."

பக்கத்தில் மேய்ந்துகொண்டிருந்த நாமக்கோழி எட்டிப் பார்த்தது. நெற்றியில் வெள்ளைப் பட்டை உள்ள கறுப்புப் பறவை அது. "அண்ணே, அது கல் இல்லை. நேற்று உங்கள் மேல் படாமல் விழுந்த ஈயக் குண்டு. ஈயம் விஷம். விழுங்காதீர்கள்."

"பறக்கும்போதே என்னைப் பிடிக்க முடியாத குண்டு, சேற்றில் படுத்துக்கொண்டா பிடிக்கப் போகிறது?"

வாத்துகள் சிரித்தன. ஒரு கிழ வாத்து முன்னால் வந்தது. "என் தாத்தா காலத்திலிருந்து இங்கே சுடுகிறார்கள். நாங்கள் எல்லாரும் இந்தக் குண்டைத் தின்றுதான் வளர்ந்தோம். என்ன ஆகிவிட்டது?"

"உங்கள் தாத்தா எப்படிச் செத்தார்?" என்று கேட்டது நாமக்கோழி.

"இறக்கை தொங்கிப் போய், இரை இறங்காமல் செத்தார். வயதாகிவிட்டது, வேறென்ன?"

பட்டுப்போன கருவேல மரத்தின் உச்சியிலிருந்து சேற்றுப் பருந்து குரல் கொடுத்தது. "நாமக்கோழிக்கு எதைக் கண்டாலும் பயம். உருண்டைக் கல்தான் நன்றாக அரைக்கும். மாப்பிள்ளை, நீங்கள் தைரியமாகச் சாப்பிடுங்கள்."

மாப்பிள்ளை என்றதில் நெட்டையன் குளிர்ந்து போனான். தினமும் தின்றான்.

சில நாட்களில் அவன் இறக்கைகள் கனத்தன. தின்ற நெல் தொண்டையிலேயே நின்றது. "குளிர் ஒத்துக்கொள்ளவில்லை" என்று சொல்லிக்கொண்டான். அதற்குள் தெற்குக் காற்று தொடங்கிவிட்டது. கூட்டம் வடக்கே கிளம்பத் தயாரானது. பறக்க முடியாத வாத்து அந்தக் கரையில் தனியாகக் கிடக்க வேண்டியதுதான்.

 தூவி கருவேல மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உச்சியில் உட்கார்ந்திருந்த பருந்து இப்போது கீழ்க்கிளைக்கு வந்திருந்தது. உருண்டைக் கல் தின்ற சில வாத்துகளைக் கொஞ்ச நாளாகக் காணவில்லை. அவற்றின் இறகுகள் மரத்தடியில் கிடந்தன.

"என்னங்க" என்றாள் தூவி. "நம்மைத் தின்கிறவனுக்கு உங்கள் வயிற்றின் மேல் ஏன் இவ்வளவு அக்கறை?"

நெட்டையன் மரத்தடியில் கிடந்த இறகுகளைப் பார்த்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்: "தப்பித்துவிட்டேன் என்று ஆடினேனே, நான் எதிலிருந்துதான் தப்பித்தேன்?"

"அதைப் பிறகு யோசியுங்கள். இப்போது நடங்கள்."

நாமக்கோழி முன்னால் போய் வழி காட்டியது. துப்பாக்கிக் குண்டு எட்டாத கிழக்குக் கரையில் ஒரு வாய்க்கால் ஏரியில் விழுந்தது. அங்கே நல்ல மணலும் நத்தை ஓடுகளும் கிடந்தன. நெட்டையன் தள்ளாடித் தள்ளாடி நடந்தான். கிளையிலிருந்த பருந்து இதுதான் சமயம் என்று பாய்ந்தது.

தூவி இறக்கையை விரித்துக் குறுக்கே நின்றாள். ஆனால் பருந்து அவளை நெருங்கவே இல்லை. பாதி வழியில் அதன் இறக்கை மடங்கியது. தொப்பென்று சேற்றில் விழுந்தது.

"எனக்கு என்ன ஆயிற்று?" என்று புலம்பியது பருந்து. "நான் ஒரு குண்டுகூடத் தின்னவில்லையே!"

"தின்றவர்களைத் தின்றீர்களே, மாமா" என்றது நாமக்கோழி. "அரைத்தது அவர்கள், ஜீரணித்தது நீங்கள்."

நெட்டையன் வாய்க்கால் மணலையும் ஓடுகளையும் தின்று, தண்ணீர் குடித்துக் கிடந்தான். பருந்து விழுந்ததைப் பார்த்த கூட்டமும் வாய்க்காலுக்கே வந்து அவனுக்காகக் காத்திருந்தது. வயிற்றிலிருந்த உருண்டைகள் எச்சத்தோடு ஒவ்வொன்றாக வெளியேறின. ஒரு நாள் இறக்கையை அடித்துப் பார்த்தான். உடம்பு தரையை விட்டு எழும்பியது.

கிளம்பும்முன் கிழ வாத்து நாமக்கோழியிடம் வந்து நின்றது. "அடுத்த குளிர்காலத்திலும் சுடத்தான் செய்வார்கள். நாங்கள் நேராக வாய்க்காலுக்கே வருகிறோம். இடம் பிடித்து வை, தம்பி."

"வாருங்கள். மாமாவுக்கும் துணை வேண்டும்" என்றது நாமக்கோழி. சற்றுத் தள்ளி, பறக்க முடியாத பருந்து ஒரு தவளையின் பின்னால் தத்தித் தத்திப் போய்க்கொண்டிருந்தது. தவளை அவசரப்படவே இல்லை.

குறி தவறியதால் குண்டு தன் வேலையை விட்டுவிடுவதில்லை; விழுந்த இடத்திலிருந்து அது யார் வயிற்றுக்குப் போகிறது என்று பார்க்காதவன், ஒருநாள் தன் வயிற்றிலேயே அதைக் காண்பான்.