பெனிட்டாவின் குரல்

நாகர்கோவிலில் தேவதாசன் என்று ஒருவர் இருந்தார். சர்வே அலுவலகத்தில் வரைபடம் வரைகிறவர். அவருடைய ஒரே மகள் பெனிட்டாவுக்குப் பேச்சு வரவில்லை. அவளுக்காகவே ஐம்பது வயதுக்கு மேல் ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியைப் படிக்கக் கிளம்பினார். சொல்லிக்கொடுத்த வைதேகி அவரைவிட மிகவும் இளையவர். ஆனாலும் தேவதாசன் வாய் நிறைய "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார்.

மெல்ல மெல்ல ஒரு செயலி உருவானது. போன் திரை முழுக்கப் படக் கட்டங்கள். பெனிட்டா தண்ணீர்ப் படத்தைத் தொட்டால், போன் "தண்ணீர்" என்று சொல்லும். கேள்விப்பட்டு வெளியூர்ப் பெற்றோர்களும் தங்கள் பிள்ளைகளுக்கு அதைப் போட்டுக்கொடுத்தார்கள்.

ஒருநாள் கீழக்கரையிலிருந்து ரஹ்மத் நிஷா என்ற தாய் கூப்பிட்டார்.

"அந்த மெஷின் குரலைக் கேட்டாலே என் பையன் காதைப் பொத்திக்கிறான் சார். என் குரலைப் பதிஞ்சு பேச வைக்கிற மாதிரி நானே பிளகின்னு ஒரு சின்ன ஒட்டு புரோகிராம் எழுதிட்டேன். அதை உங்க செயலியில சேர்க்க ஒரு வழி பண்ணுங்க."

யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு, தேவதாசன் நேரே வைதேகியிடம் போனார்.

"டீச்சர், அடுத்தவங்க எழுதினதை உள்ளே விட்டா என் செயலி பத்திரமா இருக்குமா?"

"என்ன பயம் சார்?"

"அவங்க தப்பா எழுதியிருந்தா என் மகளோட பேச்சுல்ல நின்னுபோகும்!"

வைதேகி கணினியைத் திறந்தார். செயலியை நகல் எடுத்து, ரஹ்மத் அனுப்பியிருந்த பிளகினை அதில் சேர்த்து, போனை நீட்டினார்.

"தொட்டுப் பாருங்க."

தண்ணீர் பேசியது. சோறு பேசியது. ரஹ்மத்தின் குரல் அவ்வளவு கனிவாக இருந்தது. அடுத்தது பந்து. அந்தச் சொல்லை ரஹ்மத் இன்னும் பதியவில்லை போலும். செயலி மொத்தமும் அப்படியே உறைந்து நின்றது.

"பாத்தீங்களா? இதைத்தான் சொன்னேன்."

"விருந்துக்கு வந்தவங்க கால் தடுக்கி விழுந்தா, வீடு இடிஞ்சு விழுமா சார்?"

"எப்படி விழும்?"

"உங்க வீடு விழுதே."

தேவதாசனுக்குச் சுருக்கென்றது. எழுந்து போனார்.

கோபம் ஆற அவருக்கு இரண்டு நாள் பிடித்தது. பிறகு உட்கார்ந்து, செயலியைப் பிரித்துப் பிரித்து எழுதினார். பிள்ளை கட்டத்தைத் தொட்டதும், எந்தச் சொல் என்பதை மட்டும் செயலி பிளகினிடம் சொல்லும். பிளகினிடம் குரல் இருந்தால் அது பேசும். இல்லாவிட்டாலோ, தடுமாறினாலோ, அதை ஒதுக்கிவிட்டுச் செயலி தன் மெஷின் குரலில் சொல்லிவிடும். மற்ற எதிலும் பிளகின் கை வைக்க முடியாது.

ரஹ்மத்துக்கு அனுப்பினார். சாயங்காலமே பதில் வந்தது. "கையைக் காதிலிருந்து எடுத்துட்டான் சார். நான் அடுப்படியில இருக்கேன், அவன் கூடத்துல என் குரலைத் தொட்டுக்கிட்டே இருக்கான்."

தேவதாசன் அதை மனைவிக்கு வாசித்துக் காட்டினார்.

பெனிட்டாவின் போனிலும் அந்தப் பிளகினைப் போட்டார். மனைவியின் குரலைப் பதியலாம் என்று எண்ணம். 'அப்பா' என்ற கட்டத்தைத் திறந்து, பதிவுப் பொத்தானை அழுத்தி, மனைவியைக் கூப்பிடத் திரும்பினார். அதற்குள் பெனிட்டா போனை வாயருகே இழுத்துக்கொண்டாள். கழுத்து நரம்பு புடைக்க, முக்கி, ஒரு ஒலி எழுப்பினாள்.

"ம்ப்பா."

பிறகு கட்டத்தைத் தொட்டாள். போன் "ம்ப்பா" என்றது. அவள் திகைத்தாள். மறுபடி தொட்டாள். சிரித்தாள். தூங்கும்வரை தொட்டுக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் தேவதாசன் போனோடு வைதேகியிடம் வந்தார்.

"பிளகின் நல்லா வேலை செய்யுது டீச்சர். ஆனா இதைக் கேளுங்க."

வைதேகி தொட்டதும், 'அப்பா' கட்டம் பெனிட்டாவின் குரலில் பேசியது.

"பள்ளிக்கூடத்துல, கடையில, இது ஒருத்தருக்கும் புரியாது டீச்சர். வேற யாரையாவது வச்சு, திருத்தமா 'அப்பா'ன்னு பதிஞ்சு மாத்திடட்டுமா?"

வைதேகி இன்னொரு முறை அந்தக் கட்டத்தைத் தொட்டார். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"அவ கூப்பிடுறது யாரை சார்?"