எந்த ஊருன்னு கேட்டா டிங்

இந்த பாய்லர் மேல சத்தியமா சொல்றேன். இதுல ஒரு வார்த்த பொய் இருந்தா நாளைக்கு எம் பால் பூராவும் திரிஞ்சு போவட்டும். நான் அஞ்சாவது தாண்டாதவன். பொய் சொன்னா ஞாபகம் வச்சுக்கணும், அதுக்கெல்லாம் படிப்பு வேணும்.

இப்பத்தான் இந்தக் கட. அப்பல்லாம் கிண்டியில ஒரு பம்புசெட்டு கம்பெனி ஆபீசுல டீ போட்டுக்கிட்டு இருந்தேன். மூணாவது மாடி. படி ஏறறப்பவே ஏலக்கா வாசன வரும். பதினோரு மணிக்கு டைப் அடிக்கிற சத்தம் நின்னுச்சுன்னா என் தட்டு உள்ள நொழஞ்சிருச்சுன்னு அர்த்தம். இப்ப அந்த எடத்துல கண்ணாடிக் கட்டடம் நிக்குது. டீக்கு மிசின் வச்சிருக்காங்களாம். பட்டன அமுக்குனா சளி புடிச்ச மாதிரி ரெண்டு சொட்டு வுடுது. சரி, வுடுங்க.

அங்க ஆள் எடுக்குறவரு சபாபதி சாரு. அம்பது வயசு, தங்கமான மனுசன். என் சம்சாரத்துக்கு ஆபரேசன்னப்ப ரத்தம் குடுத்தவரு. ஆனா இண்டர்வியூவுக்கு யாரு வந்தாலும் மொதக் கேள்வி ஒண்ணுதான்.

"எந்த ஊரு?"

ஊரச் சொன்னா, "ஊர்ல எந்தப் பக்கம்?"

பக்கத்தச் சொன்னா, "கோயிலுக்கு மேக்கயா, கெழக்கயா?"

அதுக்குள்ள அவருக்கு வேண்டியது கெடச்சிரும். "ஏகாம்பரம், டீ கொண்டா"ன்னு என்னைக் கூப்புட்டாருன்னா அந்தாளுக்கு வேல. கூப்புடலன்னா, "லெட்டர் போடுறோம்." தபால்காரரே பாத்ததில்ல அந்த லெட்டர.

அவருக்கு மேல அதிகாரியா வந்துச்சு வெண்மதி மேடம். முப்பத்தஞ்சு வயசுதான். சாரு சும்மா கிண்டலுக்கு "குருவே"ன்னு கூப்புடுவாரு. கூப்புட்டுக் கூப்புட்டு அதுவே நெசமாயிருச்சு. அந்தம்மா எந்த ஊருன்னு ஆபீசுல ஒருத்தருக்கும் தெரியாது. சாரு ஒரு நாளு ஜாடையா, "மேடம் எங்கேருந்து வர்றீங்க?"ன்னாரு.

"பஸ் ஸ்டாண்டுலேருந்து சார்"னுச்சு.

ஒரு தடவ சாரு எடுத்த மூணு பேரும் ஆறு மாசத்துல ஓடிப்போனாங்க. மனுசன் நொந்து போயி மேடம் முன்னால ஒக்காந்தாரு.

"குருவே, சரியான ஆளக் கண்டுபுடிக்கிறது எப்படி?"

மேடம் என்னப் பாத்துச்சு.

"ஏகாம்பரம், ஒரு கண்ணாடி கிளாசும் ஸ்பூனும் எடுத்துட்டு வாங்க. நாளையிலேருந்து இண்டர்வியூல சார் பக்கத்துல நில்லுங்க. சார் ஊரு, வீடு, அப்பான்னு கேட்டா ஒரு தட்டு தட்டுங்க."

"நானா மேடம்?"

"நீங்கதான். காது நல்லாருக்குல்ல?"

மறுநாளு மொத ஆளு வந்து ஒக்காந்தாரு.

"எந்த ஊ..."

டிங்.

"சரி. வீடு எந்தப் பக்கம்?"

டிங்.

"அப்பா என்ன செய்றாரு?"

டிங்.

"சைவமா, அசைவமா?"

இது மேடம் சொல்லல. நானாத் தட்டுனேன்.

வந்தவரு எங்க ரெண்டு பேரையும் பாத்தாரு. பூச நடக்குதோன்னு நெனச்சிருப்பாரு. சாரு வேர்த்து வழிஞ்சு வெளிய வந்தாரு.

"மேடம், கேக்குறதுக்கு ஒண்ணுமே இல்லையே."

"அப்ப இத்தன வருசமா என்ன கேட்டீங்க சார்?"

அந்த வாரமே அஞ்சுகம் வந்துச்சு. வெளியாளு இல்ல, எங்க ஆபீசு டெலிபோன் போர்டுல ஆறு வருசமா காண்ட்ராக்ட்டுல ஒக்காந்திருந்த பொண்ணு. பக்கத்து நாற்காலி ஜெயந்தி பர்மனெண்டு. ரெண்டு பேருக்கும் ஒரே போன், ஒரே வேல. சம்பளம் மட்டும் அதுக்கு முழுசு, இதுக்குப் பாதி. ரெண்டு தடவ பர்மனெண்டு கேட்டு, ரெண்டு தடவயும் ஊர்ல எந்தப் பக்கம்னு சொன்னதோட முடிஞ்சு போச்சு. அந்த மாசத்தோட காண்ட்ராக்ட்டும் முடியுது. இதுவும் கெடைக்கலன்னா அது வீட்டுக்குப் போவ வேண்டியதுதான்.

வந்து நாற்காலி நுனியில ஒக்காந்துச்சு. சாரு வாயத் தொறந்தாரு. நான் ஸ்பூனத் தூக்குனேன். வாய மூடிக்கிட்டாரு. கடைசியில பாவம், வேற வழியில்லாமக் கேட்டாரு.

"அம்மா, நீங்க அங்க ஒக்காந்து என்ன வேல பாக்குறீங்க?"

அந்தப் பொண்ணு என்னத் திரும்பிப் பாத்துச்சு, இந்தக் கேள்விக்கும் தட்டுவேனோன்னு. நான் தட்டல.

"ரிப்பேருன்னு போன் வந்தா, மோட்டாரப் போட்டுட்டுப் பேசச் சொல்லுவேன் சார். சத்தம் கேக்கணும்ல. கரகரன்னா பேரிங். உய்யுன்னு ஓடுனா தண்ணி ஏறல, காத்து இழுக்குது. அத எழுதி சர்வீசுக்குக் குடுத்துருவேன். எந்தச் சாமான் எடுத்துட்டுப் போவணும்னு அவங்களுக்குத் தெரிஞ்சிரும். ரெண்டு நட மிச்சம்."

"இத உங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

"யாரும் இல்ல சார். ஆறு வருசமா திட்டு வாங்குறேன். திட்டுறவங்களுக்குப் பின்னால எப்பவும் மோட்டார் ஓடுது."

சாரு கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு. அர மணி நேரம் கேட்டுக்கிட்டே இருந்தாரு. அப்பறம் சொன்னாரு.

"ஏகாம்பரம், அம்மாவுக்கு டீ கொண்டா."

ஏலக்கா ரெண்டு கூடப் போட்டேன். போடக் கூடாதா?

சாயந்தரம் சாரு ஆர்டர் எழுதிக்கிட்டே தானாப் பேசிக்கிட்டாரு. "இப்ப என்ன சம்பளம் வாங்குது? அதுல கொஞ்சம் ஏத்திப் போட்டாப் போதும்ல..."

டிங்.

நான் இல்லைங்க. நான் அடுப்பாண்ட நிக்கிறேன். மேடமே ஸ்பூன எடுத்திருச்சு.

"இதுல என்ன குருவே? நான் ஊரக் கேக்கலையே."

"பழைய சம்பளத்தக் கேட்டா, அதுவும் எங்கேருந்து வருதுன்னு கேக்குறதுதான சார்?"

சாரு பேனாவ நிறுத்துனாரு. அப்பறம் எந்திரிச்சுப் போயி ஜெயந்தியோட ஃபைல எடுத்துட்டு வந்து, அதுல இருந்த சம்பளத்தப் பாத்து அப்படியே எழுதுனாரு.

அதுக்கப்பறம் ஒம்பது வருசம். அந்த மூணாவது மாடியில எத்தன விதமான பேச்சு கேட்டேன் தெரியுமா? டீயில சக்கர கம்மின்னு நாலு விதமாத் திட்டுவாங்க. ஆனா சாரு கேள்விய மறந்தாலும் நான் ஸ்பூன மறக்கல.

மேடம் வேலய வுட்டுப் போற அன்னைக்கு சமோசா, மால. சர்வீசுக்குத் தலைவியா இருந்த அஞ்சுகம் கண்ணத் தொடச்சுக்கிட்டு நிக்குது. சாருக்கு மறு மாசம் ரிட்டயர்டு. தயங்கித் தயங்கிக் கிட்ட வந்தாரு.

"குருவே, இனிமே நான் யாரையும் வேலைக்கு எடுக்கப் போறதில்ல. இப்பவாவது சொல்லுங்க. உங்களுக்கு எந்த ஊரு?"

என் கை தானா ஸ்பூனுக்குப் போச்சு. மேடம் வேணாம்னு தலையாட்டுச்சு.

"ஒம்பது வருசமா தெரியாமலே மரியாதையா இருந்தீங்களே சார். அத எதுக்குக் கெடுத்துக்கணும்?"

சாரு சமோசாத் தட்ட அந்தம்மா கையில குடுத்தாரு.

அவ்வளவுதாங்க. என்ன, காலி கிளாச வச்சுட்டு நைசா நழுவுறீங்க? டீக்குத் தனி, கதைக்குத் தனி, ரெண்டையும் எடுங்க. நீங்க எந்த ஊருன்னு நான் கேக்கல. அதுக்கும் சேத்து ஒரு ரூபா கூடப் போட்டுக் குடுங்க.