பித்தளைச் சட்டிக்குள் ஆர்க்கிட்

கோத்தகிரியில் வீட்டில் ஆர்க்கிட் பூச்செடி வளர்க்கிறவர்களுக்கெல்லாம் பவளக்கொடிதான் குரு. வயது முப்பத்தைந்து. அவளிடம் பாடம் கேட்க வருகிறவர்களில் மூத்தவர் வேதமுத்து. தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தலை முழுக்க வெள்ளை. மகள் வயதுக்காரியை 'குருவம்மா' என்று கூப்பிடுவதில் அவருக்குக் கொஞ்சமும் கூச்சம் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் வீட்டு வராந்தாவில் பாடம். சீடர்கள் அவரவர் வீட்டுச் செடியின் சீக்கு இலையை டிபன் பாக்ஸில் வைத்துக் கொண்டு வருவார்கள். இலை கைமாறிக் கைமாறிப் போகும். ஆளுக்கொரு கோளாறு சொல்வார்கள். குரு சரி என்றும் சொல்ல மாட்டாள், தப்பு என்றும் சொல்ல மாட்டாள். "அப்புறம்?" என்பாள். அவ்வளவுதான் அவளுடைய பாடம்.

சும்மா சொல்லக்கூடாது, வேதமுத்து கெட்டிக்காரர். காய்ந்த திட்டு விழுந்த இலையைப் பார்த்ததும், "ஜன்னல் வெயில் சுட்டிருக்கு" என்பார். இன்னொன்றின் அடிப்பக்கத்தைத் தடவி, "பிசுபிசுங்குதே, பூச்சி உட்கார்ந்திருக்கு" என்பார். ஒரு தடவை, அடியில் இருந்த ஒற்றை இலை மட்டும் மஞ்சளானதற்கே ஒரு அம்மாள் அழாத குறையாக வந்து நின்றாள். "இது நோயே இல்லம்மா, வயசு. என்னை மாதிரி. விட்டுடுங்க, தானா உதிரும்" என்று அவர் சொல்ல, வராந்தாவே சிரித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் சிரிக்கவே இல்லை. பாடம் முடிந்து எல்லோரும் போன பிறகுதான் தன் டிபன் பாக்ஸைத் திறந்தார். உள்ளே சுருங்கித் துவண்ட ஒரு இலை.

"இது எங்க வீட்டுது, குருவம்மா. பாக்கியசீலியோட செடி."

பாக்கியசீலி அவர் மனைவி. மழைக்காலத்தில் அவளுக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆனது. அதுவரை செடியைத் தொட்டுப் பார்த்தவள் அவள்தான். அவள் படுத்ததிலிருந்து செடியும் அவர் பொறுப்பு, அவளும் அவர் பொறுப்பு.

"கட்டில்ல படுத்துக்கிட்டு அதையேதான் பார்த்துக்கிட்டிருக்கா. இது செத்துட்டா அவளும் மனசு விட்டுருவா. எனக்குப் பயமா இருக்கு."

"இலை என்ன சொல்லுது?"

"தாகம்னு சொல்லுது. தண்ணி ஊத்தினேன். இன்னும் சுருங்குச்சு. இன்னும் ஊத்தினேன்."

"அப்புறம்?"

"அரிசி கழுவின தண்ணி ஊத்தினேன். ஒரு தடவை மோர்கூட ஊத்திப் பார்த்தேன்."

"அப்புறம்?"

வேதமுத்துவுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "என்ன அப்புறம், அப்புறம்! மருந்து சொல்லுங்கம்மா!"

"தொட்டியைக் கொண்டு வாங்க, ஐயா."

மறுநாள் பஸ்ஸில், தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். தொட்டியா அது! கல்யாணச் சீராக வந்த பித்தளைச் சட்டி, புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று இருந்தது. அதற்குள் பிளாஸ்டிக் தொட்டி, அதற்குள் செடி.

"பிளாஸ்டிக்கைப் பார்த்துக்கிட்டே படுத்திருக்கணுமா அவ? நான்தான் இதுக்குள்ள இறக்கி வச்சேன்" என்றார். குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

பவளக்கொடி பிளாஸ்டிக் தொட்டியைத் தூக்கினாள். சட்டியின் அடியில் கறுப்பாகத் தண்ணீர் நின்றது. நாற்றம் குப்பென்று வந்தது. வேதமுத்து துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

அவள் தொட்டியைக் கவிழ்த்துச் செடியை வெளியே எடுத்தாள். ஒரு வேரை விரலால் அழுத்தினாள். தோல் கையோடு வந்தது, நடுவில் நூல் மாதிரி நரம்பு மட்டும் நின்றது. அடுத்ததும் அப்படியே.

வேதமுத்து குனிந்து பார்த்தார். பயம் போய், அவர் முகத்தில் ஆச்சரியம் வந்திருந்தது.

"தண்ணிக்குள்ளேயே நின்னுக்கிட்டேவா தாகம்னு சொல்லுச்சு?"

"வேர் அழுகிப்போச்சுன்னா எதை வச்சுக் குடிக்கும்?"

"அடக் கடவுளே! நான் ஊத்த ஊத்த அழுகிப்போயிருக்கு!"

அவள் கத்தரியை நெருப்பில் காட்டி, அழுகியதையெல்லாம் வெட்டினாள். கெட்டியான வேர்கள் இரண்டு மிஞ்சின. அடியிலும் பக்கத்திலும் ஓட்டை போட்ட மண் தொட்டியில் கரித்துண்டுகளைப் போட்டு, செடியை அதன் மேல் உட்கார வைத்தாள்.

"பிழைக்குமா?"

"ரெண்டு வேர் இருக்கு. பார்க்கலாம்."

"தண்ணி?"

"கரி நல்லா காயட்டும். அப்புறம் கொஞ்சமா ஊத்தலாம்."

"அதுவரைக்கும் நான் என்ன செய்யட்டும்?"

"ஒண்ணும் செய்யாதீங்க."

அதைவிடக் கஷ்டமான வேலையை யாரும் அவருக்குச் சொன்னதில்லை. காலிச் சட்டியை மடியில் வைத்துத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார். தயங்கித் தயங்கிப் பேசினார்.

"அவளும் இப்படித்தான் வாடுறா, குருவம்மா. மணிக்கொரு தடவை கஞ்சி, சத்துமாவுன்னு கொடுத்துக்கிட்டுத்தான் இருக்கேன். டாக்டர் நடக்கச் சொன்னார். விழுந்துட்டா என்ன பண்றதுன்னு நான் கட்டிலை விட்டு இறங்க விடல. சமையக்கட்டுப் பக்கம் விடல. பேசினா அசந்துபோவான்னு, பார்க்க வர்ற சொந்தக்காரங்களைக்கூட வாசலோட அனுப்பிட்டேன். அப்படியும் நாளுக்கு நாள் சுருங்கிக்கிட்டே போறா. இத்தனை இலைக்கு நோய் சொன்னேனே, என் வீட்டுல இருக்கிறவளுக்கு என்னன்னு எனக்குப் பிடிபடல. நீங்க சொல்லுங்க, அவளுக்கு என்ன?"

பவளக்கொடி வாளித் தண்ணீரில் கை கழுவினாள்.

"அவங்க என்ன சொல்றாங்க?"

"அவளா?" வேதமுத்துவின் கை சட்டியின் மேல் அப்படியே நின்றது. "நான் கேக்கலையே."

குரு சட்டியை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, செடியை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

"இதுக்கு வாய் இல்ல, ஐயா. அதனாலதான் கவுத்துப் பார்க்க வேண்டியிருந்துச்சு."