மதலேனாள் மாத்திக் குடுத்த கித்தார்

ஒரு ஊர்ல, கடலும் கோயிலும் எதிரும் புதிருமா நிக்கிற ஒரு கரையூர்ல, மதலேனாள்னு ஒருத்தி இருந்தாளாம். அவ புருசன் பேரு கயித்தான். ஒரே மக, பேரு பிலோமி. கயித்தான் விடியுமுன்ன கட்டுமரத்தைத் தள்ளிட்டுப் போவான், மீனோட வருவான், வந்து குளிச்சுட்டுக் கித்தாரை எடுத்து மடியில வச்சுக்கிடுவான்.

கித்தார்னா தெரியும்ல? மரத்துல ஒரு வயிறு, வயித்துல ஒரு வட்ட ஓட்டை, மேல ஆறு நரம்பு. எந்தக் காலத்துலயோ பறங்கிக் கப்பல்ல வந்து அந்தக் கரையோடயே தங்கிப்போன சாமான். அந்த ஊர்ல பாதி வீட்டுச் சுவத்துல ஒண்ணு தொங்குமாம். கலியாணமா, கித்தார் வேணும். சாவா, அதுக்கும் கித்தார் வேணும். அதுலயும் கயித்தான் கித்தாரு அவன் தாத்தன் வாசிச்சது. மரம் காஞ்சு காஞ்சு, கை பட்டுப் பட்டு, பழம்புளி மாதிரி கறுத்துப் போயிருக்குமாம். ஒரு நரம்பைச் சுண்டுனா சத்தம் வெளிய வந்து, வீட்டை ஒரு சுத்து சுத்திட்டு, பொறவு மெதுவாத்தான் அடங்குமாம்.

அப்பிடி இருக்கையில, ஒரு ஐப்பசி மாசம், காத்தும் மழையுமா அடிச்ச அன்னைக்கு, கடலுக்குப் போன கயித்தான் திரும்பல்ல. மரமும் வரல்ல, வலையும் வரல்ல, உடம்பும் வரல்ல. ஊர்க்காரங்க தேடுனாங்க, தேடி அலுத்தாங்க, பொறவு மதலேனாள்கிட்ட வந்து, "பூசை வச்சிருவோம் தாயி, அந்த ஆத்துமா அலையக் கூடாது"ன்னாங்க.

அவ சொன்னா, "உடம்பைக் காட்டுங்க, பூசை வைக்கிறேன்."

தாலியைக் கழத்தல்ல. அழவும் இல்ல. கித்தாரை ஒரு பழைய சேலையில சுத்தி மூலையில சாச்சு வச்சா. மக தொடப்போனாக்கூட, "அப்பா வந்து எடுப்பாரு, வையி"ம்பா. பிலோமி அப்பன்கிட்டயே வாசிக்கப் படிச்ச பிள்ளை. ஆனா அம்மா மொகத்தைப் பாத்துட்டுக் கையை எடுத்துக்கிடும்.

இப்பிடி இருக்கும்போது அந்த ஊருக்குத் தொபியாசுன்னு ஒரு யாவாரி மாட்டுவண்டியில வந்தான். வண்டி நெறையப் புதுக் கித்தாரு. பளபளன்னு மினுக்கெண்ணெய் பூசி, மொகம் பாக்கலாம் போல இருக்கும். "பழசைக் குடுங்க, புதுசை வாங்குங்க"ன்னு தெருத் தெருவாப் போனான்.

மொத வீட்டுல போயி, பழைய கித்தாரை வாங்கித் தட்டிப் பாத்தான். "ஐயோ பாவம், உள்ள உளுத்துப் போச்சே"ன்னான். அவங்க பயந்துபோய் மாத்திக்கிட்டாங்க. ரெண்டாவது வீட்டுல, கழுத்தை ஒரு கண்ணை மூடிப் பாத்து, "வளைஞ்சு போச்சே, இனி சுருதி நிக்காதே"ன்னான். அவங்களும் மாத்திக்கிட்டாங்க. மூணாவது வீடு மதலேனாள் வீடு.

"அக்கா, பழசு இருக்காமே, பாக்கலாமா?"

"அது குடுக்கிறதுக்கு இல்ல."

"பாக்கத்தானே கேக்கேன்."

காட்டுனா. அவன் ஒரே ஒரு நரம்பைச் சுண்டுனான். அவ்வளவுதான், அவனுக்கு மேலெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. அப்பிடி ஒரு மரத்தை அவன் ஆயுசுல தொட்டதில்ல. அதை மொகத்துல காட்டாம, "பழைய மரம், விறகுக்குத்தான் ஆகும். பாவமேன்னு மாத்தித் தாரேன்"னான்.

"வேண்டாம் அண்ணாச்சி. அவரு வந்து கேப்பாரு."

போயிட்டான். மறுவாட்டி வந்து ஒண்ணுக்கு ரெண்டா புதுசு தாரேன்னான். "வேண்டாம் அண்ணாச்சி, அவரு வந்து கேப்பாரு"ன்னா. திரும்பவும் போயிட்டான்.

மூணாவது வாட்டி அவன் வந்தப்ப, பிலோமி காய்ச்சல்ல படுத்துக் கெடந்தா. உடம்பு அனலாக் கொதிக்குது. கசாயம் குடுத்தாச்சு, பத்துப் போட்டாச்சு, எறங்கல்ல. புள்ள தன்னையறியாம, "அப்பா, அப்பா"ன்னு மொனங்குது. தொபியாசு வாசல்ல நின்னு அதைக் கேட்டான். கேட்டுட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னான்:

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. செத்தவன் சாமானு வீட்டுல இருந்தா, செத்தவன் கூப்பிடுவான். உங்க மகளைத்தான் கூப்பிடுதான்."

"அவரு சாகல்ல."

"பொறவு ஏன் புள்ள இப்பிடிக் கெடக்கு? ஒங்க ஆசை பெருசா, மக உசிரு பெருசா?"

மதலேனாள் மகளைப் பாத்தா. மூலையில இருந்த கித்தாரைப் பாத்தா. பெத்த வயிறு என்ன செய்யும், சொல்லுங்க. போயி எடுத்துட்டு வந்து நீட்டுனா.

அந்தப் பாவி உடனே வாங்கல்ல. "சும்மா தந்தா சாபம் கூடவே வரும். என் புருசன் செத்துட்டான், செத்தவன் பொருளைக் குடுக்கேன்னு ஒங்க வாயால சொல்லித் தாங்க"ன்னான். பின்னால வந்து சண்டை போடக் கூடாதுன்னு அவனுக்கு உள்ளுக்குள்ள கணக்கு.

ஊரே வந்து கேட்டும் சொல்லாத வார்த்தை. அதைச் சொன்னா. "என் புருசன் செத்துட்டாரு. செத்தவரு பொருளைக் குடுக்கேன்"னு சொன்னா. அவன் கித்தாரை வாங்கிக்கிட்டு, புதுசு ஒண்ணை நடையில வச்சுட்டு வண்டியை ஓட்டிட்டான்.

காய்ச்சல் எறங்கிச்சு. எறங்க வேண்டிய காய்ச்சல், கித்தாரு இருந்தாலும் எறங்கியிருக்கும். பிலோமி எந்திரிச்சு, புதுசை எடுத்து வாசிச்சா. தகரக் கூரையில தூத்தல் விழுந்த மாதிரி, தொட்டதும் கேட்டுச்சு, கேட்டதும் போயிருச்சு. அவ அதைக் கீழ வச்சுட்டுக் கேட்டா:

"ம்மா, அப்பாது எங்க?"

நடந்ததைச் சொன்னா. சொன்ன வார்த்தையையும் சொன்னா. பிலோமி, "எனக்காகச் சொன்னே. ஆனா அது நெசமான்னு ஒனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியாமயே அப்பாவைக் குடுத்துட்டோம்"ன்னா. அந்த வார்த்தை மதலேனாளுக்கு மீன் முள்ளு மாதிரி தொண்டையில நின்னுச்சு.

அந்தச் சீமையை ஆண்ட ராசாவுக்குப் பழைய கித்தார்னா உசிராம். புதுசு நூறு கொண்டு வந்தாலும் ஏறெடுத்துப் பாக்க மாட்டாரு, பழசுன்னா எந்திரிச்சு வந்து வாங்குவாரு. ஆனா அவருக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. அழுகை ஒட்டுன சாமானு அரண்மனைக்குள்ள வரக்கூடாது. தாலியறுத்தவ வீட்டுலருந்து, புள்ளையப் பறிகொடுத்தவ வீட்டுலருந்து ஏமாத்தி எடுத்து வந்ததுன்னு தெரிஞ்சா, கொண்டு வந்தவன் பாடு திண்டாட்டம்தான். தொபியாசு தான் சேத்ததையெல்லாம் அங்கதான் கொண்டு போறான்னு சேதி, உப்பு விக்கிறவ மூலமா கரைக்கு வந்துச்சு. மதலேனாள் மகளைக் கூட்டிக்கிட்டு, புதுக் கித்தாரையும் தூக்கிக்கிட்டு நடந்தா. கடல் சத்தம் கேக்காத தூரம் வந்த பெறகும் நடந்தா.

அரண்மனை முத்தத்துல கூட்டம். இவங்களும் பொம்பளையாளுங்களோட போயி நின்னாங்க. தொபியாசு மொதக் கித்தாரை எடுத்து வச்சான்.

ராசா கேட்டாரு, "இதுக்குச் சொந்தக்காரன் உசிரோட இருக்கானா? மனசாரக் குடுத்தானா?"

"உசிரோட இருக்கான் மகாராசா, மனசாரக் குடுத்தான்."

ரெண்டாவதை எடுத்து வச்சான். அதே கேள்வி, அதே பதிலு. மூணாவதா, பழம்புளி நெறத்துல அந்தக் கித்தாரை வச்சான். ராசா மடியில வச்சு வாசிச்சாரு. முத்தத்துல அத்தனை பேரும் பேச்சை நிறுத்திட்டாங்க. மதலேனாள் கண்ணை மூடிக்கிட்டா.

"இது யாருது?"

"கயித்தான்னு ஒருத்தன், கரையூர்க்காரன் மகாராசா."

"உசிரோட இருக்கானா?"

"உசிரோட இருக்கான், மனசாரக் குடுத்தான்."

அப்பத்தான் மதலேனாள் முன்னால வந்தா. அவ சத்தம் போடல்ல. மெதுவாத்தான் கேட்டா.

"அண்ணாச்சி, என்னைத் தெரியுதா?"

தொபியாசு கூட்டத்துக்குள்ள நழுவ வழி பாத்தான்.

"என் வீட்டு நடையில நின்னு, அவரு செத்துட்டாருன்னு என் வாயால சொல்ல வச்சீங்க. இங்க வந்து உசிரோட இருக்காருங்கீங்க. ரெண்டுல ஒண்ணு நெசமா இருக்கணும். எது நெசம்னு எனக்குத் தெரியணும்."

ராசா நடந்ததை முழுசாக் கேட்டாரு. பிலோமி சொன்னா, அம்மா சொன்னா. ராசா கித்தாரை மடியிலருந்து எறக்கி வச்சுட்டு மதலேனாளைப் பாத்தாரு.

"தாயே, இதை என்கிட்ட விட்டுட்டுப் போனா, நல்லாப் பாத்துக்கிடுவேன், நீ கேக்கிறதைத் தாரேன். மாத்திக்கிடணும்னா, உள்ள இருக்கிறதுல எது வேணும்னாலும் எடுத்துக்கோ. இல்ல, இதையே கொண்டுபோறேன்னாலும் சரி. நீ சொல்றதுதான்."

மதலேனாள் சொன்னா, "விக்கவும் வேண்டாம், மாத்தவும் வேண்டாம் மகாராசா, கொண்டுபோறேன். இவரு தந்த புதுசு இதா இருக்கு, திருப்பிட்டேன். ஆனா வீட்டுக்குக் கொண்டுபோயி எப்பிடி வைப்பேன்? வரப்போறவருக்காகச் சுத்தி வைக்கவா, போனவரு நெனைப்புக்கு வாசிக்கவா? அதைச் சொல்லுங்க."

"அதுக்குப் பதிலை இவன்தான் கொண்டு வரணும்"னு ராசா தொபியாசு பக்கம் திரும்புனாரு.

"உசிரோட இருக்கான்னு என் முன்னால மூணு தரம் வாய் கூசாமச் சொன்ன. கயித்தானைத் தேடிக் கண்டுபிடிச்சு இந்தம்மா முன்னால கொண்டு வந்து நிறுத்து. இல்ல, அவன் என்ன ஆனான்னு நெசமான சேதியைக் கொண்டு வா. அது வரைக்கும் ஒனக்கு இந்தக் கரையில எடமில்ல."

அவனைக் கரைக்குக் கொண்டு வந்து ஒரு தோணியில ஏத்தி விட்டாங்க. கடலை வேடிக்கை பாத்தவனே தவிர, தொபியாசு கடல்ல போனவன் இல்ல. மொதத் தீவுக்குப் போனான். "கயித்தானைப் பாத்தீங்களா?"ன்னான். "பாக்கல்ல"ன்னாங்க. ரெண்டாவது தீவுக்குப் போனான், அங்கயும் "பாக்கல்ல"ன்னாங்க. வெயில்ல தோலு உரிஞ்சுது, உப்புத்தண்ணி பட்டு ஒதடு வெடிச்சுது. செத்தவனோ இருக்கிறவனோ, ஒரு மனுசனைத் தேடுறதுன்னா என்னன்னு அப்பத்தான் அவனுக்குத் தெரிஞ்சுது. மதலேனாள் தெனமும் தேடுனது அப்பிடித்தான்.

மூணாவது தீவுல சங்கு பொறுக்குற சனங்க இருந்தாங்க. அவங்க சொன்னாங்க, "பேரு தெரியாது. ஐப்பசி மாசப் பேய்க்காத்துல ஒருத்தன் கரை ஒதுங்குனான். கழுத்துல மாதா படம் தைச்ச துணி, அதான் உத்தரியம், கெடந்துச்சு, நம்ம சனந்தான்னு மணல்ல குழி தோண்டி, சிலுவை நட்டு, செபம் சொல்லிப் பொதச்சோம். உத்தரியத்தை எடுத்து வச்சிருக்கோம், தேடி யாராச்சும் வருவாங்கன்னு."

தொபியாசு அந்தக் குழிமேட்டுக்கு முன்னால போயி உக்காந்தான். பொறவு உத்தரியத்தை வாங்கிக்கிட்டுத் தோணி ஏறுனான்.

இங்க கரையில மதலேனாள் காலையில ஒரு தரம், வெயில் சாய ஒரு தரம் கடலைப் பாத்துட்டு வருவா. ராசா சொன்ன சொல்லுக்கு அப்புறம், அவ மனசு மறுபடியும் ஆசைப்பட ஆரம்பிச்சுருச்சு. பொய் சொன்னவன் வாயில தப்பித் தவறி நெசம் வந்திருக்கக் கூடாதா? அப்பிடித்தானே மனசு கெடந்து அடிச்சுக்கிடும்.

ஒரு நாள் தோணி வந்துச்சு. தூரத்துல ஒரு புள்ளி, பொறவு பாய், பொறவு ஆளு. ஒத்தை ஆளு. தொபியாசு எறங்கி வந்தான். தாடியும் கிழிசலுமா, ஊர்க்காரங்களுக்கே அடையாளம் தெரியல்ல. ரெண்டு கையாலயும் உத்தரியத்தை நீட்டுனான். மதலேனாள் கையால தைச்ச துணி, அவ போட்ட தையலு, பாத்ததும் அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு.

"தாயி, அவரு எறந்துட்டாரு. பொதச்ச எடத்தை என் கண்ணால பாத்தேன். அன்னைக்கு ஒங்ககிட்ட ஒண்ணும் தெரியாமச் சொன்னேன். இன்னைக்குத் தெரிஞ்சு சொல்றேன்."

மதலேனாள் அதை வாங்கி நெஞ்சுல வச்சுக்கிட்டு, மணல்ல உக்காந்து அழுதா. ஐப்பசியிலருந்து தேக்கி வச்ச அழுகை. பிலோமி பக்கத்துல உக்காந்துக்கிட்டா. ஊர்ப் பொம்பளைங்க சுத்தி வந்து நின்னாங்க. ஒருத்தரும் அழாதேன்னு சொல்லல்ல.

பூசை வச்சாங்க. பொறவு ஊரே தோணி கட்டிக்கிட்டு அந்தத் தீவுக்குப் போச்சு. சில பேரு, கித்தாரை அவன் குழிக்குள்ளயே வச்சிருவோம்னாங்க. சில பேரு, கோயிலுக்குக் குடுத்துருவோம்னாங்க. மதலேனாள் சொன்னா, "மண்ணுக்குள்ள வச்சா ஊமையாப் போயிரும். கோயில்ல மாட்டுனா தூசி அடையும். வாசிக்கிறவ கையில இருக்கட்டும்." சொல்லிட்டு மக கையில குடுத்தா. பிலோமி மணல்ல உக்காந்து, எறந்தவங்களுக்கு வாசிக்கிற பாட்டை அப்பன் சொல்லிக் குடுத்தபடியே வாசிச்சா. கித்தாரு சத்தம் அந்தத் தீவைச் சுத்திட்டு, மெதுவா அலையோட போயி அடங்குச்சாம். மதலேனாள் தாலியைக் கழத்தி மகளோட முந்தியில முடிஞ்சு வச்சா.

தொபியாசு என்ன ஆனான்னு கேப்பீங்களே. ஏமாத்தி வாங்குன அத்தனை கித்தாரையும் அரண்மனையிலருந்து தலையில சுமந்துட்டு வந்து, வீடு வீடாப் போயித் திருப்பிக் குடுத்தான். குடுக்கும்போது ஒவ்வொரு வீட்டு வாசல்லயும், "நான் சொன்னது பொய்யி, ஒங்க மரம் நல்ல மரம்"னு சொன்னான். வாங்குனாங்க, ஆனா ஒருத்தரும் உள்ள வான்னு கூப்பிடல்ல. அதுக்குப் பெறகு அவன் மழை பெய்யுதுன்னு சொன்னாக்கூட, அந்தக் கரையில வெளிய வந்து கையை நீட்டிப் பாத்துட்டுத்தான் நம்புவாங்களாம்.

அதனால மக்கா, போனவங்க பொருளை வச்சுக்கிடலாம், குடுக்கலாம், மாத்தலாம், அது அவங்கவங்க பாடு. ஆனா அழுறவ பயத்தைக் காட்டி அதைப் பறிக்கக் கூடாது. பறிச்சவன் அதைத் தூக்கிச் சுமந்தே தீரணும்.

சொன்னேன், கேட்டீங்க. கடலுக்குப் போனவங்க கரைக்கு வரட்டும், கதைக்குள்ள போன நீங்க படுக்கப் பாய்க்கு வாங்க.